பொடக்காளிக் கொட்டகை: திருப்பி வைக்கத் தோதாக

வீட்டுத் தோட்டத்துக்குக் கொட்டகை போடுகிற எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் அடுக்க ஆரம்பிக்கிறார்கள். வேண்டும் என்கிறபோது சாமானைச் சட்டென்று எப்படி எடுப்பது? எனக்கு அந்தக் கேள்வியில் உடன்பாடு இல்லை. வேலை முடிந்த பிறகு எப்படித் திருப்பி வைப்பது என்றுதான் கேட்க வேண்டும். எடுக்கப் போகிற ஆள் காலையில் போகிறார். கை சுத்தமாக இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, நாலு சாமானை நகர்த்தித் தேடும் பொறுமையும் இருக்கிறது. வைக்க வருகிற ஆளோ சாயங்காலம் ஆறரை மணிக்கு வருகிறார். முழங்கை வரை சேறு. இடுப்பு பிடித்திருக்கிறது. ஒரு கையில் மம்பட்டி, இன்னொரு கையில் பூவாளி, காலைச் சுற்றிக் கொசு. இந்த ஆளுக்குத் தோதாக இல்லாத கொட்டகை, எத்தனை செலவழித்துப் போட்டாலும், சீக்கிரமே எல்லாவற்றையும் வாசலோடு எறிந்துவிட்டுப் போகிற இடமாகிவிடும்.

கோவையில் ஒரு பம்பு கம்பெனியின் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வடவள்ளிப் பக்கம் ஐந்தரை சென்ட் இடத்தில் வீடு. வீடு போக மிஞ்சிய பொடக்காளியில் ஒரு முருங்கை, கறிவேப்பிலை, ரெண்டு வாழை, நாலைந்து கீரைப் பாத்தி, ஒரு பந்தல். மேற்கு மூலையில் 8 அடிக்கு 6 அடியில் கொட்டகை. மொத்தம் 48 சதுர அடி. இதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்கு நான் சொல்லிவருவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் திசை. எங்கள் ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டே இருக்கும். மத்தியான வெயிலும் மேற்கிலிருந்துதான் சுடும். அதனால் மேற்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் ஹாலோ பிளாக்கில் முழுசாக எழுப்பி உள்ளே பூசி வெள்ளையடித்தேன். கிழக்கும் வடக்கும் மூன்றடிக்குக் கட்டு, அதற்கு மேலே கம்பி வலை. கதவு கிழக்கே பார்த்தது. காலை வெயில் நேராக உள்ளே விழுந்து ராத்திரி ஈரத்தைக் காய வைக்கிறது. உங்கள் ஊரில் சாரல் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதைப் பார்த்து முழுச்சுவரை அந்தப் பக்கம் வையுங்கள். நாலு பக்கமும் அடைத்துவிட்டால் கொட்டகை வேகும், ஈரமும் தங்கும். துருவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

கூரைக்குத் தகர ஷீட் போட்டால் கோடையில் உள்ளே நிற்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஷீட்டுக்கு மேலே ஓர் அடி இடைவெளி விட்டுக் கம்பிப் பந்தல் போட்டுக் கோவைக்காய்க் கொடியை ஏற்றிவிட்டேன். இடைவெளி முக்கியம். கொடி ஷீட்டின் மேலேயே படர்ந்தால் இலைச்சருகு தேங்கித் தகரத்தை அரிக்கும். இடையில் காற்று ஓடினால் நிழலும் கிடைக்கும், கூரையும் தப்பும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சும்மா கிடக்கிறதே என்று அறுத்துக் கூரை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அறுக்கும்போதும் துளை போடும்போதும் பறக்கும் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்து பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. பல நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன.

இனி அடுக்குவது. ராக் வாங்கப் போகும் முன்னால் தார்ப்பாயை முற்றத்தில் விரித்து, உள்ளே இருக்கிற அத்தனையையும் வெளியே கொட்டுங்கள். தொழிற்சாலைகளில் ‘ஃபைவ் எஸ்’ என்று ஓர் ஒழுங்குமுறை உண்டு. ஜப்பானிலிருந்து வந்தது. கோவையிலோ ஓசூரிலோ அம்பத்தூரிலோ வேலை பார்த்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, ஷாப் ஃப்ளோர் சுவரில் எழுதி ஒட்டியிருக்கும். அதன் முதல் படி, வேண்டாததைப் பிரித்து வெளியேற்றுவது. இரண்டாவது படிதான் வேண்டியதற்கு ஓர் இடம் கொடுப்பது. நம் வீடுகளில் முதல் படியைத் தாண்டிக் குதித்து நேராக ராக்குக்குப் போய்விடுகிறோம். குப்பையை அழகாக அடுக்கி வைப்பதில் பிரயோசனம் இல்லை.

வேண்டுமா வேண்டாமா என்று சந்தேகம் உள்ள சாமானுக்குத் தொழிற்சாலையில் சிவப்பு அட்டை கட்டி, தேதி எழுதித் தனியே வைப்பார்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் யாரும் அதைத் தேடி வரவில்லை என்றால் அது வெளியே போகும். தோட்டத்துக்கு அந்தக் கெடு ஒரு வருஷம். ஆடிப்பட்டம், புரட்டாசிப் பட்டம், தைப்பட்டம், சித்திரைப் பட்டம் என்று நாலும் ஒரு சுற்று வந்தும் கை படாத சாமான் உங்கள் தோட்டத்துக்கு உரியதில்லை. யாருக்காவது கொடுங்கள், அல்லது பழைய இரும்புக் கடைக்குப் போகட்டும். சிவப்பு அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகை உறையே போதும்.

மிஞ்சியவற்றை இரண்டாகப் பாருங்கள். வாரந்தோறும் கையில் எடுப்பது ஒன்று. பட்டத்துக்கு ஒருமுறை எடுப்பது இன்னொன்று. குழித்தட்டு, நிழல்வலை, காலிப் பைகள் போன்ற பட்டத்துச் சாமான்கள் எடை குறைந்தவை. அவை தலைக்கு மேலே பரணில் இருக்கட்டும். மண்புழு உரம், செம்மண் மூட்டை, வேப்பம் புண்ணாக்கு போன்ற கனத்தவை கீழே, ஆனால் தரையில் படாமல் நாலு செங்கல் உயரத்தில் பலகை மேல். நார்க்கழிவுக் கட்டியை உரத்தோடு சேர்க்காமல் ஈரம் படாத மூலையில் வைக்க வேண்டும். தண்ணீர் பட்டால் பல மடங்கு ஊதிவிடும், அப்புறம் அதை எங்கேயும் அடக்க முடியாது.

வாரச் சாமானுக்கு என்று மேற்குச் சுவர் முழுவதையும் ஒதுக்கிவிட்டேன். இதில்தான் என் டூல் ரூம் அனுபவம் இறங்கியது. சுவரில் படுக்கைவசமாக இரண்டு ரீப்பர் கட்டைகளை ஸ்க்ரூ போட்டு இறுக்கி, அவற்றில் கருவிகளை மாட்டினேன். மம்பட்டியை எப்படி மாட்டுவது என்று மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதே கணக்குத்தான். அரை அங்குலக் கம்பித் துண்டுகள் இரண்டை மூன்று அங்குல இடைவெளியில், சுவரிலிருந்து ஆறு அங்குலம் நீட்டிக்கொண்டு இருக்கிற மாதிரி பதிக்க வேண்டும். நுனி கொஞ்சம் மேலே தூக்கியிருக்கட்டும். மம்பட்டியின் பிடி இந்த இரண்டு கம்பிக்கும் நடுவே கீழே இறங்கும். தலை கம்பிகளின் மேல் உட்கார்ந்துகொள்ளும். வெட்டுவாய் சுவரைப் பார்த்து இருக்க வேண்டும். உயரம் நாலடி வைத்தால் பிடியின் நுனி தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் கையால் மாட்ட முடிகிறதா என்று நின்று பாருங்கள். இரண்டு கை வேண்டியிருந்தால் கம்பியின் அகலத்தை மாற்றுங்கள். ஒற்றைக் கையால் மாட்ட முடியாத எதுவும் அந்தச் சுவரில் நிலைக்காது.

மாட்டிய பிறகு ஒவ்வொரு கருவியையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, கருவியை எடுத்துவிட்டு, அந்த உருவத்தைக் காவி நிறத்தில் தீட்டினேன். டூல் ரூமில் இதற்கு ஷேடோ போர்டு என்று பேர். வெர்னியர் இருக்க வேண்டிய இடத்தில் வெர்னியரின் நிழல், ஸ்பேனர் இடத்தில் ஸ்பேனரின் நிழல். ஷிஃப்ட் முடியும்போது பலகையை ஒரு தடவை பார்த்தால் எது வரவில்லை என்று தெரிந்துவிடும். தொழிற்சாலைக்கு மட்டும் உரிய வித்தை இல்லை இது. அமெரிக்காவில் சமையல் நூல்களாலும் டிவியாலும் புகழ்பெற்ற ஜூலியா சைல்டின் சமையலறையில், அவருடைய கணவர் பால் சைல்ட் சுவர்ப் பலகையில் ஒவ்வொரு சட்டிக்கும் வாணலிக்கும் இப்படிக் கோடு வரைந்து இடம் குறித்திருந்தார். அந்தச் சமையலறையை அப்படியே பெயர்த்து வாஷிங்டனில் உள்ள தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் காவி நிழல்களின் உண்மையான பலன் எனக்கு இல்லை, மற்றவர்களுக்கு. தேங்காய் பறிக்க வருகிற பையன் அரிவாளைத் தீட்டிக்கொண்டு போய், முடிந்ததும், “ஏனுங்ணா, இத எங்கெ வெக்கறது?” என்று முன்பெல்லாம் கேட்பான். நான் கை நீட்டுகிற பக்கம் சாத்திவிட்டுப் போவான். இப்போது கேட்பதே இல்லை. சுவரில் அரிவாள் உருவம் இருக்கிறது, அங்கே மாட்டுகிறான். வீட்டில் ஒருவருக்கு மட்டும் புரிகிற அடுக்கு, அந்த ஒருவர் ஊருக்குப் போன அன்றே குலைந்துவிடும்.

சின்னச் சாமான்களுக்கு மூடி போட்ட டப்பா வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. சேற்றுக் கையோடு யாரும் மூடி திறந்து உள்ளே வைக்கப் போவதில்லை, மூடியின் மேலேதான் வைப்பார்கள். ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனைக் குறுக்குவாட்டில் சாய்வாக வெட்டினால் வாய் அகன்ற தொட்டி கிடைக்கும். களைக்கொத்து, சணல், கவாத்துக் கத்தரி எல்லாம் அதில் போட்டுவிடலாம். நீளப் பிடி உள்ள வாரியல், தொரட்டி இவற்றுக்கு இரண்டரை அங்குல பிவிசி குழாயை நாலு அங்குலத் துண்டுகளாக அறுத்துக் கட்டையில் நிறுத்தி வைத்து ஸ்க்ரூ போட்டால் போதும். ஹோஸ் பைப்பை மட்டும் ஆணியில் தொங்க விடாதீர்கள். ஆணியில் மடிந்த இடத்தில் நாளடைவில் வெடிக்கும். பழைய ஸ்கூட்டர் வீல் ரிம் ஒன்றைச் சுவரில் பதித்து அதில் சுற்றுங்கள். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் தேடினால் கிடைக்கும்.

துருவைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். இரும்பில் ஒட்டிய மண் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, உரத்தின் உப்பு அதோடு சேர்ந்து அரிக்கிறது. கழுவித் துடைத்து எண்ணெய் போட வேண்டும் என்று யாரும் சொல்லலாம். சாயங்காலம் ஆறரை மணி ஆள் அதைச் செய்ய மாட்டார். அதனால் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பாண்டு சட்டி நிறைய ஆற்று மணல் வைத்து, ஒரு லிட்டர் அளவுக்கு விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி வைத்திருக்கிறேன். களைக்கொத்தையும் கரணையையும் மணலில் நாலு தடவை குத்தி எடுத்தால் மண் உதிர்ந்து எண்ணெயும் தடவினாற்போல் ஆகிவிடும். பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றச் சொல்வார்கள். சாப்பிடுகிற கீரைப் பாத்தியில் அதைக் கொண்டுபோய்க் குத்த என் மனம் ஒப்பாது. விளக்கெண்ணெய் காய்ந்து பிசுக்காக இறுகாது, இரும்பின் மேல் படலமாக நிற்கும். முதல் உலகப் போர்க் காலத்து ரோட்டரி எஞ்சின் விமானங்களுக்கே அதுதான் மசகு எண்ணெய்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, பிளீச்சிங் பவுடர். தண்ணீர்த் தொட்டி கழுவ வாங்கியதில் மீந்த அரைப் பாக்கெட்டைக் கொட்டகையில் வைத்துவிடுவோம். அதிலிருந்து கசியும் குளோரின் மூடிய இடத்தில் பரவி, தொடாத கருவியையும் துருப்பிடிக்க வைக்கும். கத்தரியின் ஸ்ப்ரிங் காரணமில்லாமல் இறுகுகிறது என்றால் முதலில் பிளீச்சிங் பாக்கெட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

மம்பட்டிப் பிடி கோடையில் ஆடும். உடனே தலையோடு தண்ணீரில் ஊறப்போடுவது நம் வழக்கம். அன்றைக்கு இறுகிவிடும், உண்மைதான். ஆனால் ஊறி உப்புகிற மரம் இரும்பு வளையத்துக்குள் நகர இடமில்லாமல் நசுங்குகிறது. காய்ந்ததும் முன்னைவிடச் சிறுத்துப்போகும். ஆப்பு அடிப்பதுதான் முறை. காய்ந்த கருவேலங்கட்டையில் ஆப்பு சீவி அடியுங்கள். பிறகு பிடிக்கு லின்சீட் ஆயில் தடவுங்கள். தடவிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடக் கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடு வரும், சுருட்டிய துணிக்குள் சூடு ஏறித் தானாகத் தீப்பிடிக்கக்கூடும். துணியை விரித்து வெளியே கொடியில் காயப் போடுங்கள்.

கொட்டகையில் வைக்கக் கூடாதவை என்று ஒரு வரிசை உண்டு. முதலில் விதை. விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிக்கும் என்று ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதை விஞ்ஞானி ஒரு பொதுக்கணக்கு சொன்னார். எல்லா விதைக்கும் எல்லா அளவிலும் அச்சாகப் பொருந்தாவிட்டாலும் விதைக்காரர்கள் இன்றும் கையாளுகிற கணக்கு அது. மே மாதத்தில் தகரக் கொட்டகைக்குள் இருக்கிற விதைக்கு இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வெங்காய விதை நல்ல இடத்தில் வைத்தாலே ஒரு வருஷத்துக்கு மேல் நம்ப முடியாத ஜாதி. விதை வீட்டுக்குள், நன்றாகக் காய்ந்த சாம்பலோடு, இறுக்கமான டப்பாவில் இருக்கட்டும். சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா விரிடி போன்றவையும் அப்படித்தான். அவை உயிருள்ள நுண்ணுயிர்கள், வெயிலில் வெந்துபோன பாக்கெட்டில் வெறும் பொடிதான் மிஞ்சும். பஞ்சகவ்யக் கேனைக் காற்றுப் புகாமல் மூடி உள்ளே வைத்தால் வாயு அடைத்து வெடிக்கும். அதன் இடம் மரநிழல், மூடி துணி.

பூச்சிமருந்து எதுவும் வீட்டில் இல்லாமல் இருப்பதே நல்லது. இருந்தால் பூட்டு போட்ட பெட்டியில், வாங்கின டப்பாவிலேயே இருக்க வேண்டும். மீந்ததைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கத்தால் குழந்தைகள் செத்திருக்கிறார்கள்.

புண்ணாக்கு இருக்கிற இடத்துக்கு எலி வரும். எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும். புண்ணாக்கை மூடி இறுக்கமான தகர டின்னில் வைப்பதுதான் பாம்புக்கு முதல் வேலி. மூட்டைக்குக் கீழே பலகை உயரம் விடச் சொன்னதற்கு இதுவும் காரணம், குனிந்து டார்ச் அடித்தால் அந்தப் பக்கம் வரை தெரிய வேண்டும். தொட்டிகளைக் கவிழ்த்து அடுக்குங்கள், கை விடும் முன் காலால் தட்டுங்கள். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுகிற பாம்பு, இருட்டில் வெறுங்கையால் துழாவவே வேண்டாம். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது எதுவும் கூடாது. 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கிறது. கரையானுக்கு என் வழி எளிது. மரம் எதுவும் மண்ணைத் தொடக் கூடாது. கரையான் வந்தால் சுவரில் மண்கோடு போட்டுத்தான் ஏறும், வெள்ளையடித்த சுவரில் அந்தக் கோடு உடனே கண்ணில் படும்.

இவ்வளவும் ஒழுங்கு. ஆனால் ஒழுங்கு மட்டும் இருந்தால் அது கம்பெனி ஸ்டோர். நம் கொட்டகை நம்முடையதாக இருக்க வேண்டும்.

கதவுக்கு நேர் மேலே உத்தரத்தில் ஒரு மர உருளை தொங்குகிறது. என் அப்பா கவலை இறைத்த கிணற்று உருளை. மாடு பூட்டி, தோல் பறியில் நீர் இறைத்த காலம் அது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு இந்தப் பக்கம் மோட்டார் பம்பு பரவப் பரவ, கவலை ஒவ்வொரு கிணறாக நின்றது. கோவை பம்பு ஊரானதும் நான் பம்பு கம்பெனிக்குப் போனதும் அந்த மாற்றத்தால்தான். உருளையின் விளிம்பில் வடக்கயிறு அறுத்த பள்ளம் விரல் புதைகிற ஆழத்துக்கு இருக்கிறது. வருகிற பிள்ளைகள் விரலை வைத்துப் பார்க்காமல் போவதில்லை.

வடக்கு வலையோரம் என் வீட்டுக்காரியின் இடம். பழைய தையல் மெஷின் ஸ்டாண்டின் மேல் கடப்பாக் கல் போட்டிருக்கிறது, நாற்று மாற்றுவதும் தொட்டி நிரப்புவதும் அதில்தான். உயரத்தை அவள்தான் சொன்னாள். “ஏனுங்க, குனிஞ்சு செய்யறதுக்குத்தான் பாத்தி இருக்குதே, இங்கயாச்சும் நிமுந்து நிக்கறனுங்க” என்றாள். நின்றபடி முழங்கையை மடக்கிப் பார்த்து, அதற்கு ஒரு சாண் கீழே கல்லின் மட்டத்தை வைத்தோம். கல்லுக்கு அடியில் ஒரு மோடா, பக்கத்தில் ரேடியோ. அவளுடைய மூலையில் நான் எதையும் நகர்த்துவதில்லை.

மகள் வயிற்றுப் பேத்திக்கு ரெண்டடி உயரத்தில் தனியாக ஒரு ரீப்பர் உண்டு. அதில் ஒரு சின்னக் களைக்கொத்து, சின்னப் பூவாளி, அவள் கையாலேயே தீட்டிய நிழல்கள். பூவாளியின் நிழலுக்குக் கண்ணும் மூக்கும் வரைந்துவிட்டாள். “அப்புச்சி, பூவாளி தூங்கப் போயிருச்சு” என்று சொல்லிக்கொண்டே மாட்டுவாள். எட்டுகிற உயரத்தில் ஓர் இடம் கொடுத்தால் குழந்தையும் திருப்பி வைக்கும் என்பதை அவளிடம் கண்கூடாகப் பார்க்கிறேன்.

எங்கள் பட்டறைகளில் ஆயுத பூஜைக்கு முன்னால் மெஷினைக் கழுவி, எண்ணெய் போட்டு, பெயின்ட் அடித்துச் சந்தனப் பொட்டு வைப்போம். வீட்டுக் கொட்டகைக்கும் அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. அது செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும், வடகிழக்குப் பருவமழை இறங்குகிற நேரம். மழைக்கு முன்னால் இரும்புக்கு எண்ணெயும் பிடிக்கு ஆப்பும் கூரைக்கு ஒரு பார்வையும் கிடைத்துவிடும். சிவப்பு அட்டையின் ஒரு வருஷக் கெடுவையும் அன்றைக்கே முடித்துக்கொள்ளலாம்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாயை விரியுங்கள். வீட்டில் உள்ள அத்தனை பேரையும் கூப்பிட்டு, அவரவர் கை எட்டுகிற உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். ராக் அதற்கப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.